சும்மா ஒரு படம்: இசக்கியின் கையும் சில ரசிகக் கருத்துகளும்

‘ஒனக்குப் பிடிச்ச படம் எதுல?’ என்று திசையன்விளைப் பக்கம் ஒருவன் கேட்டால் அதை அப்பாவித்தனமான கேள்வியாக எடுத்துக்கொள்ள முடியாது. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது பொழுதுபோகாமல்தான் கேட்டிருப்பான். ஆனாலும் பதிலைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். ‘தேவர் மகன்’ என்றால் ஒரு கணக்கு, ‘பரியேறும் பெருமாள்’ என்றால் வேறு கணக்கு, சரத்குமாரின் ‘ஐயா’ என்றால் இன்னொன்று. ஊர்ப் பெயர் கேட்டு, தெருப் பெயர் கேட்டு, குலசாமி கோயில் எதுவென்று கேட்டு, சுற்றி வளைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய சங்கதியை இந்த ஒற்றைக் கேள்வி முடித்துவிடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் இதற்குக் கைவசம் ஒரு பதில் வைத்திருப்பார்கள். ‘எல்லாத்தையும் பாப்பேன் அண்ணாச்சி, சும்மா படம்தான?’

இந்தச் ‘சும்மா’வைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். நான் சினிமா விமர்சகன் அல்ல. காமிராக் கோணம், படத்தொகுப்பு பற்றியெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. கையில் காசிருந்தால் படம் பார்க்கிற, பார்த்ததைப் பற்றி நாலு பேரிடம் வாய் ஓயாமல் பேசுகிற சாதாரண ரசிகன். ஆனால் இப்படிப் பேசப்படுகிற பேச்சை நம் சிறுபத்திரிகைகள் இதுவரை ஒரு பிரதியாகவே மதித்ததில்லை. படத்தைக் கட்டுடைக்கிறோம், நடிகரைக் கட்டுடைக்கிறோம். படம் முடிந்து டீக்கடையில் நின்று ‘நல்லாத்தான்டே எடுத்திருக்கான்’ என்று ஒருவன் சொல்வதை மட்டும் வெறும் காற்று என்று விட்டுவிடுகிறோம்.

ரசிகனைப் பற்றி நமக்கு இரண்டு சித்திரங்கள்தான் உண்டு. முதலாவது, பிம்பத்தின் சிறையில் அகப்பட்டவன். எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1992இல் வந்த நூல், பின்னால் தமிழில் ‘பிம்பச் சிறை’ ஆயிற்று. திரையில் ஏழைகளின் காவலனாகக் கட்டப்பட்ட உரு, அந்த ஏழைகளின் நலனுக்கு எதிராகச் செயல்பட்ட ஆட்சிக்கே அவர்களின் சம்மதத்தை எவ்வாறு திரட்டிக் கொடுத்தது என்பதை அது போல் விளக்கியவர்கள் குறைவு. இரண்டாவது சித்திரம் அமைப்பியலும் பின்அமைப்பியலும் தமிழுக்கு வந்தபோது கூடவே வந்தது. தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982இல் வெளியானது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்பது நம்மிடையே வணக்கம் சொல்வதைப் போலப் புழங்கியது. ஆசிரியன் செத்த இடத்தில் வாசகன் பிறக்கிறான், பிரதியை அவன் இஷ்டத்துக்கு வாசிக்கலாம், இது ஒரு விடுதலை என்றோம். முதல் சித்திரத்தில் ரசிகன் கைதி, இரண்டாவதில் சுதந்திர புருஷன். எங்கள் ஊரில் படம் பார்க்கிற ஆள் இந்த இரண்டிலும் அடங்கமாட்டான். அவன் சுதந்திரமாகத்தான் வாசிக்கிறான். அந்தச் சுதந்திரத்தைக் கொண்டு அவன் போய்ச் சேருகிற இடம்தான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது.

பாண்டியனின் நூல் வந்த அதே 1992 தீபாவளிக்குத்தான் ‘தேவர் மகன்’ வெளிவந்தது. கமல்ஹாசன் எழுதித் தயாரித்தார், மலையாள இயக்குநர் பரதன் இயக்கினார். ஐந்து தேசிய விருதுகள் பெற்ற படம். நல்ல படமா என்று என்னைக் கேட்டால், நல்ல படம்தான். சிவாஜி மழைச்சத்தத்துக்கிடையே மகனோடு பேசுகிற அந்த இடத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். பிடித்துப்போன ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொல்லச் சொல்வதற்குப் பெயர் விமர்சனம் அல்ல, பாவசங்கீர்த்தனம். அதற்கு உவரியில் கோயில் இருக்கிறது, பத்திரிகை தேவையில்லை.

படம் சொல்லவந்தது என்ன? சாதிப் பெருமையும் பங்காளிச் சண்டையும் அரிவாளும் போதும், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று கடைசியில் நாயகனே கதறிவிட்டு விலங்கு பூட்டிக்கொண்டு ரயிலேறுகிறான். ஆசிரியரின் நோக்கம் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. ஆனால் தெற்கே அந்தப் படத்தில் பிழைத்து நின்றது இந்தக் கடைசிக் காட்சியா? இல்லை, இளையராஜாவின் ஒரு பாட்டு. சாதியைப் போற்றுகிற அந்தப் பாட்டு படத்திலிருந்து கழன்று வந்தது. கல்யாண வீட்டு மைக்செட்டுக்குப் போயிற்று, குருபூஜை வேன்களில் ஏறியது, தலித் தெருமுனைகளில் சத்தமாக வைக்கப்பட்டது. தொண்ணூறுகளில் தென்மாவட்டங்கள் பற்றி எரிந்த நாட்களில் அந்தப் பாட்டு எங்கே ஒலித்தது, யாரைச் சீண்ட ஒலித்தது என்பதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. 2003இல் கமல் ‘சண்டியர்’ என்று பெயர் வைத்தபோது டாக்டர் கிருஷ்ணசாமி எதிர்த்ததும், பெயர் ‘விருமாண்டி’ ஆனதும் இதன் தொடர்ச்சிதான். படத்தின் ‘செய்தி’ ஒரு பக்கமும் பாட்டு மறுபக்கமுமாகப் பிரிந்துபோனதற்கு ஆசிரியர் பொறுப்பா, வாசகர் பொறுப்பா? ஆசிரியர் செத்துப்போனார் என்று நாம் கொண்டாடிய அதே காலத்தில், அவரை முதலில் அடக்கம் செய்தவர்கள் நாமல்ல. வேனில் ஸ்பீக்கர் கட்டியவர்கள்.

இது பாதிக் கதை. மீதிக் கதை இசக்கியின் கை.

படம் பார்த்த எல்லோருக்கும் இசக்கியைத் தெரியும். வடிவேலு நடித்தது. இரண்டு பங்காளி வீடுகளின் தகராறில் கோயில் பூட்டிக் கிடக்கிறது. லண்டன் படிப்பு முடித்து வந்த சின்னையா, காதலிக்குக் கோயிலைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் இசக்கியைக் கொண்டு பூட்டைத் திறக்கவைக்கிறார். திறக்கச் சொன்னவருக்கு ஒன்றும் ஆகவில்லை, திறந்தவனின் கை வெட்டப்படுகிறது. ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டே அவன் மிச்சமிருக்கிற ஒற்றைக் கையை வைத்து வேடிக்கையாக ஒன்று பேசுவான். கொட்டகை சிரிக்கும், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கும். அதன்பின் கதை சின்னையாவின் குற்றவுணர்வுக்குப் போய்விடும். அதாவது இசக்கியின் கை, சக்திவேல் ‘தேவர் மகன்’ ஆவதற்கான படிக்கட்டுகளில் ஒன்று. கதையாடலில் அதற்கு வேறு வேலை இல்லை.

இசக்கி என்ன சாதி என்று படம் சொல்வதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் எடுக்கப்பட்ட படம்தான், ஆனால் இசக்கி என்ற பெயர் எங்கள் பக்கத்துப் பெயர். இசக்கியம்மன் இல்லாத ஊர் நெல்லையிலும் குமரியிலும் அபூர்வம், பல சாதியிலும் அந்தப் பெயர் உண்டு. அந்தப் பெயரும், அவன் நிற்கிற நிலையும், வெட்டுக்குப் பிறகும் அவன் அதே வீட்டைச் சுற்றி வருவதும் போதும், அவன் யாரென்று எங்கள் ஊர் ரசிகனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதில் பனையேறிச் சாதியில் பிறந்த என்னைப் போன்ற ரசிகன் கவனித்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. கோயில் பூட்டு எங்களுக்குப் புதிதல்ல. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காக வழக்குப் போட்டார்கள். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது, நாடார்கள் தோற்றார்கள். 1899இல் சிவகாசிக் கலவரம். சங்கங்களும் வரலாறுகளும் இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் திரையில் கோயிலைத் திறந்ததற்காக ஒருவன் கை போனபோது, ‘அது நம்ம கை’ என்று எங்கள் தெருவில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் சின்னையாவோடுதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றோம். ஒரு தலைமுறைக்கு முன்னால் நாம் நின்ற இடத்தில் இப்போது இன்னொருவன் நிற்கிறான், நாம் அங்கே இல்லை, அப்பாடா என்கிற நிம்மதிக்குத்தான் ‘சும்மா படம்தான’ என்று பெயர்.

அப்படிச் சும்மா பார்க்க முடியாத ரசிகர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பிறகு படமெடுக்க வந்தார். 2023 ஜூனில் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு மேடையில், கமலை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மாரி செல்வராஜ் சொன்னார்: தேவர் மகனின் இசக்கிதான் தன்னுடைய மாமன்னன். அதே வடிவேலுதான் மாமன்னனாகவும் நடித்தார். இதை ஒரு இயக்குநரின் பேச்சாக அல்ல, ஒரு ரசிகனின் கருத்தாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு படத்தைப் பார்த்து, அதன் நாயகனை விட்டுவிட்டு, ஓரத்தில் நின்றவனின் கையை முப்பது வருஷம் மனதில் வைத்திருந்த ரசிகனின் கருத்து. வேனில் பாட்டை வைத்தவனும் படத்தைத் தன்னிஷ்டத்துக்கு வாசித்தவன்தான். கையை நினைவில் வைத்தவனும் அப்படித்தான். இரண்டுமே படம் சொன்னதைக் கேட்காத வாசிப்புகள். வாசகச் சுதந்திரம் என்று பொதுவாகப் பேசிக்கொண்டு நாம் இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டோம்.

கா. சிவத்தம்பி 1981இல் வந்த நூலில் ஒரு கருத்தைச் சொன்னார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதி அல்ல, டிக்கெட் காசு. தமிழ் சினிமா பற்றிச் சொல்லப்பட்டவற்றில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் வாசகம் இது. உண்மையும்கூட. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்தவனை யார் என்று கேட்கவில்லை. ஆனால் கூரைக்கு வெளியே வந்ததும் என்ன நடந்தது என்பதற்கு அந்த வாசகம் பதில் சொல்லாது. இசக்கியின் கை போன இடத்தில் தரையில் இருந்த எல்லோரும் ஒன்றாகத்தான் அழுதோம். வெளியே வந்து சைக்கிளை எடுத்ததும் அவரவர் தெருவுக்குத்தான் போனோம். அழுகையும் ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்தது. கூரை ஒன்று என்பது மூன்று மணி நேர ஏற்பாடு.

இந்த இடத்தில் இயக்குநர் ஹரியின் படங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நாசரேத் பக்கத்து ஆள், எங்கள் ரசிகர்களுக்குச் சொந்த ஊர்க்காரர். ‘சாமி’ (2003) திருநெல்வேலி, ‘சிங்கம்’ (2010) தூத்துக்குடிப் பக்கத்து நல்லூர். எல்லாம் வேகம், டாடா சுமோ, அரிவாள், அண்ணன் தம்பிப் பாசம். எனக்குச் சலிப்பில்லாமல் ஓடும். ஊர்ப் பெயரைத் திரையில் கேட்கிற சுகம் லேசானதல்ல. சென்னைக்குப் போய் ‘ஏல’ என்று வாய் தவறிச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளானவனுக்குத்தான் அது தெரியும். ஆனால் ‘தாமிரபரணி’ (2007) என்ற பெயரில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தபோது, அந்தப் பெயருக்கு எட்டு வருஷத்துக்கு முன் என்ன நடந்தது என்று யாருமே பேசவில்லையே என்று எனக்கு உறுத்தியது. 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்களைப் போலீஸ் ஆற்றுக்குள் விரட்டி அடித்தது, 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசன் அதை ‘நதியின் மரணம்’ என்று ஆவணப்படமாக எடுத்தார். அது கொட்டகைக்கு வருகிற படம் அல்ல. வெகுசன சினிமாவில் தாமிரபரணி என்றால் விஷாலின் படம். இரண்டையும் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

‘கர்ணன்’ (2021) வந்தபோது ஒரு விசித்திரம். படத்தின் ஆரம்பத்தில் 1997 என்று போட்டிருந்தார்கள். கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து அடித்து நொறுக்கியது 1995 ஆகஸ்ட் 31இல், அ.தி.மு.க. ஆட்சியில். 1997 என்றால் தி.மு.க. ஆட்சி ஆகிவிடுகிறது என்று உதயநிதி ஸ்டாலின் சுட்டிக்காட்ட, ‘1990களின் பிற்பகுதி’ என்று மாற்றினார்கள். கவனியுங்கள், பிற்பகுதி என்றாலும் 1995க்குப் பொருந்தவில்லை, ஆனால் பிரச்சினை தீர்ந்தது. அரசியல்வாதியும் ஒரு ரசிகர்தான். பஸ் நிற்காத ஊரின் கதையில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது வருஷம். எங்களுக்குத் தெரிந்தது பஸ். நிறுத்தத்தில் கை காட்டினாலும் நிற்காமல் போகிற பஸ்ஸைப் பற்றித் தெற்கத்தி ரசிகனுக்குக் கோனார் உரை தேவையில்லை. போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்காகக் கலவரம் நடந்து, 1997இல் எல்லாக் கழகங்களின் பெயரையும், மாவட்டங்களின் தலைவர் பெயர்களையும் சேர்த்து, அரசே அழித்துவிட்ட நாட்டில் இருக்கிறோம். பஸ்ஸில் எழுதியிருக்கும் பெயரை வைத்தே அதில் ஏற மாட்டேன் என்றவர்கள், திரையில் எழுதியிருக்கும் பெயரைச் சும்மாவா பார்ப்பார்கள்?

‘மாமன்ன’னுக்கே திரும்புகிறேன். படம் 2023 ஜூன் 29இல் வந்தது. எனக்கு முதல் பாதி பிடித்தது, இரண்டாம் பாதியில் தேர்தல் கணக்கு அவசரமாக முடிந்துவிட்டதாகப் பட்டது. பெரிய வீட்டுக்குப் போன எம்.எல்.ஏ.வுக்கு நாற்காலி போடாததையும், அப்பாவை உட்காரச் சொல்லி மகன் மல்லுக்கு நிற்பதையும் மறக்க முடியாது. அது கொட்டகையோடு போயிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. ஜூலை 27இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, கூரை கலைந்தது. சில நாட்களுக்குள் செல்போன்களில் சின்னச் சின்ன வீடியோக்கள். ஃபகத் ஃபாசில் நடித்த ரத்தினவேல் நடந்து வருகிறான், முறைக்கிறான், நாயை அடித்தே கொல்கிறான். பின்னணியில் சாதிப் பெருமைப் பாட்டு. படத்தின் வில்லன் நாயகன் ஆகிவிட்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஒரே ஒரு சாதிப் பாட்டு அல்ல. வெவ்வேறு ஆதிக்க சாதிப் பையன்கள் தத்தம் பாட்டைப் போட்டு ‘எங்க அண்ணன்’ என்றார்கள். ரத்தினவேலுக்குப் படத்தில் சாதிப்பெயர் இல்லை. யாரையும் புண்படுத்தக்கூடாது என்றோ, தணிக்கைக்குப் பயந்தோ விடப்பட்ட அந்தக் காலியிடத்தில் யார் வேண்டுமானாலும் தன் பெயரை நிரப்பிக்கொள்ள முடிந்தது. தலைப்பிலேயே சாதி இருந்த படத்தைக் கொண்டு ஒரு சாதிதான் ஆடியது. பெயர் சொல்லாத படத்தைக் கொண்டு எல்லோரும் ஆடினார்கள். எந்த மனிதன் கையைக் கட்டி நின்றானோ அவன் சபாநாயகர் நாற்காலியில் அமர்கிறான் என்பதும், ரத்தினவேல் தோற்கிறான் என்பதும் அந்த முப்பது விநாடி வீடியோக்களில் கிடையாது. தோல்வியைக் கத்தரித்து எடுத்துவிட்டால் யாரும் நாயகன்தான். நம் நண்பர்கள் சிலர் இதற்கு மாரி செல்வராஜைத் திட்டினார்கள், வில்லனை இத்தனை கம்பீரமாகக் காட்டியிருக்கக் கூடாதாம். ஃபகத் கொஞ்சம் மோசமாக நடித்திருந்தால் சாதி ஒழிந்திருக்கும்போல!

அந்த ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தலித் மாணவன் ஒருவனை அவனோடு படிக்கிற பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. திசையன்விளையிலிருந்து நாங்குநேரி பஸ்ஸில் ஒரு மணி நேரப் பாதை. இந்த வெட்டுக்கு அந்த வீடியோக்கள் காரணம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. சினிமாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் பள்ளிக்கூடம், ஊர்ப்பஞ்சாயத்து, கட்சி எல்லாம் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு படம் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பையன்களின் மணிக்கட்டில் கயிறு இருந்தது. 2019 ஜூலையில் பள்ளிக் கல்வித்துறை அனுப்பிய சுற்றறிக்கை சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கயிற்றின் நிறங்களை வரிசையாகச் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியதும் அமைச்சரே பின்வாங்கினார். நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தபோது மறுபடியும் கயிற்றைத்தான் தடை செய்யச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் சொல்வது வேறு. கயிறு கட்டிய கை எந்தப் படத்தையும் சும்மா பார்ப்பதில்லை. கயிறு கட்டாத கை, எதிரே உள்ள கையில் கயிறு இருப்பதை அறிந்துகொண்டே பார்க்கிறது. இவர்கள் இருவருக்கும் நடுவில் ‘நமக்கென்ன, படம்தான’ என்று பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான். விமர்சகர்கள் ‘பொதுப் பார்வையாளர்’ என்று எழுதுகிறார்களே, அது இவன்தான். அவனுக்குச் சாதி இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருக்கிறது. அன்றைக்குத் திரையில் அவன் சாதியின் முறை வரவில்லை, அவ்வளவே.

முறை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. 2010 மார்ச்சில் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ வந்தது, வசனம் ஜெயமோகன். தெற்கத்திக் கிராமத்துப் பையன்களையும் பெண்களையும் பொறுக்கியெடுத்து ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைக்குக் கொண்டுபோய், நின்ற நிலையில் வேலை வாங்கி, கொட்டடியில் படுக்கப் போடுகிற கதை. முதலாளி அண்ணாச்சியாகப் பழ. கருப்பையா. கண்காணிப்பாளன் கருங்காலியாக இயக்குநர் ஏ. வெங்கடேஷ். தேரிக்காட்டில் பனை வருமானம் படுத்த பிறகு சென்னைக் கடைகளுக்குப் பையன்களை அனுப்பாத வீடு எங்கள் பக்கம் குறைவு. காலில் நரம்பு சுருண்டு திரும்பி வந்தவர்கள் தெருவுக்கு ரெண்டு பேர் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்து அழுதவர்கள் கடையில் நின்று வந்தவர்கள். அவர்கள் அழுததை நான் பார்த்தேன். கடை வைத்திருந்தவர்களோ கொதித்தார்கள். ‘ஒழச்சு முன்னுக்கு வந்த சமுதாயத்தக் கேவலப்படுத்திட்டான்’ என்றார் ஒரு பெரியவர். ‘தேவர் மக’னைச் சும்மா பார்த்த அதே பெரியவர்தான். அந்தப் படத்தில் கனியின் கால்கள் போகின்றன. இசக்கிக்குக் கை, கனிக்குக் கால். கால்கள் போனது ரோட்டோர விபத்தில்தான், அண்ணாச்சி அரிவாள் தூக்கவில்லை. ஆனால் அந்த ரோட்டோரத்தில் அவர்களை ராத்திரி படுக்க வைத்தது யார் என்று கடையில் நின்று வந்தவர்களிடம் யாரும் விளக்கவில்லை, அவர்களே சொன்னார்கள். முதலாளியும் தொழிலாளியும் ஒரே சாதியாக இருந்த அந்தப் படத்தில்தான் எங்கள் தெரு முதன்முதலாக இரண்டாகப் பிரிந்து கருத்துச் சொன்னது. சாதியாகப் பார்த்தவன் ஒரு பக்கம், கூலியாகப் பார்த்தவன் மறுபக்கம். ‘சும்மா’ என்று சொல்ல எந்தப் பக்கத்திலும் ஆள் இல்லை.

சென்ற 2025 தீபாவளிக்கு ‘பைசன் காளமாடன்’. மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து எடுத்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடியவர், தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். எனக்குப் படம் பிடித்தது. துருவ் விக்ரம் உடம்பைக் கொடுத்து ஆடியிருக்கிறார், அப்பாவாகப் பசுபதி அதற்கும் மேலே. நீளம் அதிகம். எதிரும் புதிருமாக இரண்டு தலைவர்கள் வருகிறார்கள், அமீரும் லாலும். யாருடைய சாயல் என்று தெற்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் 2003இல் சென்னையில் போலீஸ் என்கவுண்டரில் செத்தவர், இன்னொருவர் 2012இல் வெட்டிக் கொல்லப்பட்டவர். இருவரின் பெயரிலும் இரண்டு சாதிகள் எத்தனை பிணம் விழவைத்தன என்பதைத் திருச்செந்தூர்ச் சாலையோரத்துக் கிராமங்கள் அறியும். மாரி செல்வராஜ் லாலின் கந்தசாமியை வெறும் வில்லனாக ஆக்கவில்லை. கிட்டனின் ஆட்டத்தை மதிக்கிற மனிதனாகவும் காட்டியிருக்கிறார். இது தந்திரம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தன்னை வெட்ட வந்த பக்கத்திலும் ஆட்டம் தெரிந்த ஒருவன் இருப்பான் என்று ஒரு தலித் இயக்குநர் எண்ணிப் பார்த்திருக்கிறார். இசக்கியைப் பற்றி அந்த அளவுக்கு எண்ணிப் பார்த்த ஒரு ஆதிக்க சாதிப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

படம் வந்த வாரத்தில் திசையன்விளையில் காதில் விழுந்த கருத்துகள் இரண்டு வகை. ஒன்று, ‘நம்ம ஆளப் பரவால்லாமத்தான் காட்டியிருக்கான்.’ இன்னொன்று, ‘நம்ம ஆள எதுக்கு இவன் காட்டணும்?’ இரண்டிலும் ‘நம்ம ஆள்’ இருக்கிறார். முப்பத்து மூன்று வருஷமாகத் தேவர் மகனையும் நாட்டாமையையும் சின்னக் கவுண்டரையும் சும்மா பார்த்த ஊர் இது. கிட்டன் ஜெயித்தானா, ரெய்டு எப்படி, கபடி உண்மைக் கபடி மாதிரி இருந்ததா என்று பேசியவர்கள் மூன்றாவதாகக் கொஞ்சம் பேர். பெரும்பாலும் ஆடுகிற பையன்கள். அவர்களிடமாவது சாதியில்லாத ரசனை இருக்கும் என்று நெருங்கிப்போய்க் கேட்டேன். ‘நம்ம டீம்ல அவங்க தெருப் பையன் ஒருத்தன் இருக்காம்ண்ணே, நல்ல ரெய்டர். படத்துக்குக் கூப்பிட்டோம், எங்ககூட வரமாட்டேன்னுட்டான். அவங்க ஆட்களோட தனியாப் போய்ப் பாத்துட்டு வந்துட்டான்’ என்றான் ஒருவன். ஏன் வரவில்லையாம் என்று கேட்டதற்கு, ‘கந்தசாமி வர்ற எடத்துல நீங்க விசிலடிப்பீங்க, நான் அங்கன உக்காந்து என்னத்தச் செய்யன்னு கேட்டான்’ என்றான். நீங்கள் விசிலடித்தீர்களா என்று கேட்டேன். அடித்தார்களாம்.